முந்நூறு வீடுகளுக்குப் போன பொய்

மகனே,

இந்தக் கடிதம் உனக்கு எழுதியது. ஆனால் இதன் பிரதி முந்நூறு வீடுகளுக்குப் போகிறது. போன மாதம் உன் கலியாண அழைப்பிதழ் எந்தெந்த வீடுகளுக்குப் போனதோ அதே வீடுகள்தான். அந்த அழைப்பிதழில் இரண்டு பொய்கள் இருந்தன. இரண்டையும் அச்சிட்டவன் நான். பொய் முந்நூறு வீட்டுக்குப் போயிருக்க, உண்மையை உன் காதோடு மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. "மகனுக்கு எழுதிற கடிதத்தை ஊர் வாசிக்கிறதோ?" என்று உன் அம்மா கேட்டாள். வாசிக்கட்டும். ஊர் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்று முப்பது வருடமாக நான்தான் ஊரை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஊர் என்னை வாசித்தால் நான் தேய்ந்துபோக மாட்டேன்.

அழைப்பிதழில் உன் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று இருந்தது. மணப்பெண் நித்யாவின் வீட்டார் தமிழ்நாட்டுக்காரர், அவர்கள் அதை முனைவர் என்பார்கள். என் பெயருக்கு முன்னால் 'பொறியியலாளர்' என்று இருந்தது. நீ ஆய்வுப் படிப்பை இடையில் விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது ஒரு பிளம்பரிடம் வேலை பழகுகிறாய். டூங்காபியில் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த அழைப்பிதழைக் கையில் எடுத்தாய், உன் பெயரை ஒருமுறை வாசித்தாய். "அப்பா, ஹூ இஸ் திஸ் கை?" என்று கேட்டாய். சத்தம் போடவில்லை. "இந்த ஆளுக்கே கலியாணம் செய்து வையுங்கோ. நான் வரமாட்டன்" என்று சொல்லி, அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். அன்றிலிருந்து என் தொலைபேசி அழைப்பை நீ எடுக்கவில்லை. கலியாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

இது எங்கே தொடங்கியது என்பதை மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டும். 2009இல் உனக்குப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைத்தது. அந்த வருடம் இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் வீடுகளில் சிரிப்புக் கேட்கவில்லை. போர் நடந்த வன்னியிலிருந்து செய்தி வரும், அல்லது வராது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரேயொரு நல்ல செய்தி நீ கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறாய் என்பது. சீன மொழி படித்திருந்தாய். முந்நூறு வருடங்களுக்கு மேல் முன்னால் வடசீனாவில் வாழ்ந்த ஒரு அறிஞரை ஆராயப் போவதாகச் சொன்னாய். அவர் பெயரை நான் சொன்னால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அதனால் நான் அவரைச் சீனத்து வாத்தியார் என்றே சொல்லிவந்தேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

வாத்தியாரின் கதையை நீ குசினி மேசையில் இருந்துதான் எங்களுக்குச் சொன்னாய். அவருடைய தகப்பன் வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனவர். பையனுக்கு நாலு வயதளவில் தகப்பன் வடக்கிலிருந்து வந்த படையோடு போய்விட்டார், பிறகு ஒரு தகவலும் இல்லை. தாயும் வேறு கலியாணம் செய்துகொண்டு போனாள். அந்தச் சுவீகார வீட்டையே தன் சொந்த வீடென்றும் அந்தக் குடும்பப் பெயரையே தன் பெயரென்றும் நம்பிப் பையன் வளர்ந்தான். புத்தகம் புத்தகமாகப் படித்தான், கண்ணை மூடி அசையாமல் இருந்து தியானமும் செய்தான். அந்த வீட்டுப் பாட்டி செத்தபோது, துக்கம் காப்பது எப்படி என்று ஒரு பேரறிஞர் எழுதிவைத்த பழைய நூலை எடுத்து வரிக்கு வரி கடைப்பிடித்தார். பசித்த நேரம் சாப்பிடவில்லை, அழுகை வந்த நேரம் அழவில்லை, எல்லாவற்றுக்கும் நூலில் நேரம் குறித்திருந்தது. உடம்பு வற்றிச் சாகக் கிடந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு கிழவர் உண்மையைச் சொன்னார்: நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லையப்பா. இந்த இடத்தில் உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பசிக்கிற பிள்ளையைச் சாப்பிடாதை எண்டு ஆராவது புத்தகத்தில எழுதுவினமோ?" என்று கேட்டாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் வாத்தியார் தன் படிப்பறையின் பெயரை மாற்றினார். முன்பு அதற்கு 'பழையவர்களை நினைத்தல்' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. புதிய பெயருக்கு 'பழகுதல்' என்று பொருள், அவ்வளவுதான். பிறகு தன் உண்மையான குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார். தோட்டம் செய்தார், வைத்தியம் பார்த்தார், பிள்ளைகளுக்கு இசை, அம்பெய்தல், கணக்கு எல்லாம் கையால் செய்வித்துப் படிப்பித்தார். யாழுக்கு எழுதிய இசைக்குறிப்பை எத்தனை தரம் வாசித்தாலும் வாசிக்கிறவன் யாழ் வாசித்தவன் ஆகமாட்டான். நாடி பிடித்துப் பார்க்காமல் வைத்திய நூலை மனப்பாடம் செய்கிறவனிடம் நோயாளி பிழைக்கமாட்டான். அவருடைய கருத்து இதுதான் என்று நீ சொல்ல, நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டக் காசா பணமா? அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றி என் மகன் கலாநிதிப் பட்டம் எடுப்பதில் எனக்கு ஒரு இடைஞ்சலும் இருக்கவில்லை. அவர் சொன்னதை மகன் கேட்டும்விடுவான் என்று யார் கண்டது?

அடுத்த வருடக் கடைசியில் நீ கேட்டுவிட்டாய். "அப்பா, இந்த மனுசனைப் பற்றி நான் எண்பதாயிரம் சொல் எழுதினால் அவரே என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் வேலை பழகப் போறன்" என்றாய். "அப்ப உன்ர அப்பன் படிச்சதெல்லாம் குப்பையோ?" என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "நீங்கள் படிச்சதை இங்க எப்ப பாவிச்சனீங்கள்?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிரான்வில்லில் ஒரு அறைக்குப் போனாய். நான் வாசல் வரைக்கும் வரவில்லை.

உன் கேள்விக்கு இப்போது ஊரறியப் பதில் சொல்கிறேன். ஒருநாளும் பாவிக்கவில்லை. ஊரில் ஏழு வருடம் நீர்ப்பாசன வேலை செய்தவன் நான், வாய்க்காலும் மதகும் கட்டியவன். இங்கே வந்து விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டேன். லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை என்றார்கள். ரயில் ஸ்டேஷனில் வேலை கிடைத்தது. பிளாட்பாரத்தில் நின்று, ஏறுகிறவர்கள் ஏறி முடிந்ததும் விசில் ஊதிக் கொடி காட்டுகிற வேலை. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். தமிழர்கள் அதிகம் இறங்காத வடக்குப் பக்க ஸ்டேஷன் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சீருடையை அங்கேயே மாற்றுவேன். கேட்டவர்களிடமெல்லாம் ரயில்வேயில் இஞ்சினியர் என்று சொன்னேன். உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போன ரயில் என் பிளாட்பாரத்தில் நின்றது. நீ யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "தட்ஸ் மை டாட்" என்று வகுப்புக்கே கேட்கச் சொன்னாய். அன்று பின்னேரம் வீட்டில் உன்னை ஏசினேன். எதற்கு ஏசினேன் என்று உனக்கு விளங்கியிருக்காது.

அதற்காகப் படிப்பைப் பழிக்க நான் தயாரில்லை. வாத்தியாரோடு எனக்கு இன்னமும் வழக்கு இருக்கிறது. இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்தபோது படிப்புக்குத்தான் புள்ளி போட்டார்கள். உன் அம்மா என் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு கொழும்பு வரை வந்தாள். எத்தனை சோதனைச் சாவடி. வேறு எதைக் கொண்டுவந்திருந்தாலும் பறித்திருப்பார்கள். அந்த ஆறு கடதாசிதான் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அது மட்டுமா, புத்தகத்தைத் திட்டுவதற்கு வாத்தியாரும் புத்தகம்தானே எழுதினார்? அவர் எழுதியிருக்காவிட்டால் உனக்கு அவரை எப்படித் தெரியும்? இதற்கு நீ பதில் வைத்திருந்தால் நேரில் வந்து சொல்லு.

ஆனால் 2011இல் நான் செய்ததற்கு என் பக்கம் பேச எந்த வழக்கும் இல்லை. தெரிந்த ஒருவரின் மகளுக்கு இருபத்தோராவது பிறந்தநாள், மண்டபம் நிறையச் சனம். பந்தி நடக்கும்போது மண்டபத்துக் குசினியில் கழிவுக்குழாய் அடைத்துத் தண்ணீர் வெளியே வந்துவிட்டது. உன் அம்மா யாரிடமும் கேட்காமல் உனக்குப் போன் பண்ணிவிட்டாள். நீ தொப்பியும் சேறு பட்ட பூட்ஸுமாக வந்தாய், முழங்காலில் இருந்து அந்த அழுக்குக்குள் கைவிட்டாய். குசினி வாசலில் நான் என் நண்பரோடு நின்றேன். ஓய்வுபெற்ற வைத்தியர். பெயர் சொல்லமாட்டேன், இந்தக் கடிதம் அவர் வீட்டுக்கும் போகிறது. "ஆர் இந்தப் பொடியன், சனிக்கிழமையிலயும் வந்திட்டான்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஆரோ பிளம்பர்."

நீ நாலடி தூரத்தில் இருந்தாய். உன் கை ஒரு கணம் நின்றது, பிறகு வேலையைத் தொடர்ந்தது. உனக்கு வாளி பிடித்து உதவியவர் படகில் வந்து தற்காலிக விசாவில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், ஊரில் மேசனாக இருந்தவர். அவருக்கு எங்கள் பெருமை சிறுமை ஒன்றும் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணை, உங்கட மகன் நல்ல வேலைக்காரன். அன்ரி சொன்னவா" என்றார். வைத்தியர் என்னைப் பார்க்காமல் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். நீ சாமான்களை எடுத்துக்கொண்டு, "அம்மா, போட்டு வாறன்" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். வெட்கக்கேட்டை இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகும் புத்தி வந்ததா? அழைப்பிதழ் அடிக்கிற நேரம் வந்ததும் சென்னை அச்சகத்துக்குக் 'கலாநிதி' என்று எழுதி அனுப்பினேன்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ போன அந்த வாரம் நடந்ததைக் கேள். குசினிக் குழாய் நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஒழுகுகிறது. அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறோம். வேறு பிளம்பரைக் கூப்பிட உன் அம்மா விடவில்லை, உன்னைக் கூப்பிட நான் விடவில்லை. அன்றைக்கு ஒரு வீறாப்பு வந்தது. மதகு கட்டியவனுக்கு ஒரு வாஷர் மாற்ற முடியாதா? இணையத்தில் மூன்று கட்டுரைகளை அச்செடுத்து, கோடு போட்டுப் படித்தேன். பிறகு ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றினேன். வெளியே உள்ள பெரிய வால்வை முதலில் பூட்ட வேண்டும் என்பது மூன்றாவது கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. தண்ணீர் கூரையில் அடித்தது. ஓடிப்போய் வால்வைப் பூட்டி, குழாயைப் பழையபடி மாட்டி முடித்தபோது என் கட்டுரைகள் குசினிக்குள் மிதந்தன. உன் அம்மா நனைந்தபடி கதிரையில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சீனாக்காரன் வெண்டிட்டான், நீங்கள் தோத்திட்டியள்" என்றாள்.

தண்ணீர் படாமல் தூக்கி வைத்த சாமான்களுக்குள் உன் பழைய புத்தகப் பெட்டியும் இருந்தது. நீ விட்டுப் போன ஆய்வு அதற்குள் கிடந்தது. அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் அதை வாசித்தேன். உன் ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் கடினம், ஆனால் விடவில்லை. ஐம்பது வயதளவில் வாத்தியார் தன் தகப்பனைத் தேடி வடக்கே நெடுந்தூரம் போனதை அதில்தான் விவரமாகப் படித்தேன். ஊர் ஊராக விசாரித்துக் கடைசியில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தார். அவள் தகப்பனின் மற்றத் தாரத்து மகள், அவருக்குத் தங்கை. தகப்பன் செத்துப் பல வருடம் என்று அவள்தான் சொன்னாள். அந்தக் கல்லறையில் அழுதுவிட்டு, தகப்பனின் பெயர் எழுதிய பலகையோடு வீடு திரும்பினார். நாலு வயதில் விட்டுப்போன தகப்பனைத் தேடி ஒரு மகன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். நான் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே உனக்குக் கிடைக்காமல் இருந்திருக்கிறேன்.

நீ எழுதிய கடைசி அத்தியாயத்தில் வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு பள்ளியை நடத்த அழைக்கிறார்கள். அவர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பழைய நூல்களோடு படைக்கலை, கைத்தொழில், நீர் பற்றிய கல்வி எல்லாம் வைக்கிறார். சில மாதத்தில் ஆறு பெருகிப் பள்ளியை மூழ்கடிக்கிறது. அவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். நீர்க் கல்வி என்று எழுதிய இடத்தில், பக்கத்து ஓரத்தில், நீ பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாய்: ஆஸ்க் அப்பா. அவ்வளவுதான். ரயிலில் இருந்தபடியே அழுதேன். என் ஸ்டேஷனையும் தாண்டிப் போய்விட்டேன். நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று யோசித்தேன். மதகைப் பற்றி நான் உனக்கு ஒருநாளாவது வாய் திறந்திருந்தால்தானே கேட்பாய். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன், வேலையைச் சொல்லவே இல்லை.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டுப் பகல் ரயிலில் மெல்பேணுக்குப் போனேன். நித்யாவின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்து, பொயிண்ட் குக்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

"சம்பந்தி, கலியாணக் கார்ட்டில ரெண்டு பொய் இருக்கு. ரெண்டும் நான் போட்டது" என்றேன்.

"என்ன சார் சொல்றீங்க? மாப்பிள்ளை ஏதோ பிராக்டிகல் ட்ரெயினிங் போறார், அதுவும் தீஸிஸ்ல ஒரு பகுதின்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஓம், நான்தான் சொன்னனான். அவன் படிப்பை விட்டிட்டான். பிளம்பரிட்ட வேலை பழகிறான், லைசன்ஸ் எடுக்க இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு. நானும் இங்க இஞ்சினியர் இல்லை. ரயில் ஸ்டேஷனில கொடி காட்டிறனான்."

அவர் தன் காப்பியையும் மேசையில் வைத்தார். பிறகு, "எங்க பக்கம் எல்லாருக்கும் பத்திரிகை குடுத்தாச்சு சார். திருச்சிலேருந்து எங்க அண்ணன் வேற வர்றார். இப்ப அப்படியே இருக்கட்டுமே. கல்யாணம் முடியட்டும், ரெண்டு வருஷம் கழிச்சு மெதுவா சொல்லிக்கலாம்" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு கதவைத் திறந்துதான் விட்டார். முன்னைய நான் என்றால் ஓடிப்போய் அதற்குள் நுழைந்திருப்பேன்.

"அது நான் இருபது வருசமாச் செய்த வேலை, சம்பந்தி. எனக்கு அதில நல்ல லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. வேண்டாம்" என்றேன்.

நித்யா அப்போதுதான் பேசினாள். "அப்பா, எனக்கு மொத நாள்லேருந்தே தெரியும். அவர் சொல்லிட்டார். அவர் என்ன படிச்சிருக்கார்னு நீங்க அங்கிள்கிட்டதான் கேட்டீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"பிளம்பர்ங்கறது எனக்குப் பிரச்சனையே இல்ல. இவர் பொய் சொன்னார் பாரு, அதுதான்" என்றார் அவர்.

"அதுக்கு என்னை எவ்வளவும் ஏசுங்கோ. அவனை ஏசாதேங்கோ. அவன் அந்தக் கார்ட்டைப் பாத்திட்டுக் கலியாணத்துக்கே வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்" என்றேன்.

அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலையில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது, "புதுப் பத்திரிகை அடிங்க சார். எங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். இந்தக் கடிதத்தையும் பிறகு தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன்.

புதிய அழைப்பிதழை ஹரிஸ் பார்க்கில் ஒரு அச்சகத்தில் அடித்தேன். அச்சுக்காரர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அங்கிள், இப்படி ஒருத்தரும் போடுறேல்லை" என்றார். "சொன்னதை நீர் அப்படியே போடும்" என்றேன். உன் பெயருக்குக் கீழே 'நீர்க்குழாய்த் தொழில் பழகுநர்' என்று இருக்கிறது. பழகுதல் என்று தன் படிப்பறைக்குப் பெயர் வைத்தவர் அதைப் பார்த்தால் கோபிக்கமாட்டார். என் பெயருக்குக் கீழே 'ரயில் நிலைய ஊழியர்' என்று இருக்கிறது. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இதற்காகக் கலியாணத்துக்கு வராமல் இருக்க நினைக்கிற உறவினர்கள் தயவுசெய்து முன்கூட்டியே அறிவித்தால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன்.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிக தகுதி இல்லை. இருந்தாலும் இரண்டு சொல்கிறேன். நித்யாவிடம் நீ யார் என்று சொல்கிறாயோ அதையே வீட்டுக்கு வெளியேயும் சொல்லு. உன் அம்மா என் பொய்யைத் தோளில் காவிக் காவியே களைத்துப்போனாள். மற்றது, உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது நாள் முழுக்கப் புத்தகத்துக்குள் கிடந்து, எனக்குக் கைவேலை வேண்டாம் என்று சொன்னால், வாத்தியாரைக் காட்டி அதை மிரட்டாதே. நான் என் சான்றிதழைக் காட்டி உன்னை மிரட்டினேன். ஸ்பானராலும் அப்படி மிரட்டலாம்.

இனி உன் முடிவு. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நான்தான் நிற்பேன். அந்த வைத்தியரும் வருவார். மாப்பிள்ளை ஆர், என்ன செய்கிறார் என்று அவர் கேட்கமாட்டார், ஆனாலும் சொல்வேன்: என்ர மகன், பிளம்பர். முந்நூறு வீட்டுச் சனமும் கேட்கச் சொல்வேன். குழாய்க்கடியில் கிண்ணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மதகு கட்டுவது எப்படி என்று இப்போது நீ கேட்டால் எனக்கு நாள் முழுக்கச் சொல்ல விஷயம் இருக்கிறது. நீ வா. அந்தப் பென்சில் கேள்வியையும் கொண்டு வா.

உன் அப்பா,
ரயில் நிலைய ஊழியர்.